திருப்பிக் கொடுக்காத லைன்

போனை எடுத்தால் எதிர்முனையில் வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது, யார் பேசுவது என்பதும் கிடையாது. "கரண்டு?" அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லைக் கேள்வியாகக் கேட்பார்கள், திட்டாகத் திட்டுவார்கள், சில பேர் அதையே அழுகையாக அழுவார்கள். துணை மின் நிலையத்தில் இருபது வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஆப்பரேட்டரம்மா, சொல்கிற விதத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். மாவு மில்காரருக்கு அது "லைன்". "லைன் எப்பம்மா வரும்?" என்பார், ஏதோ பஸ் பிடித்து வருகிற விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல. ஐஸ் ஃபேக்டரி மேனேஜருக்கு அது "சப்ளை". ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் "எங்கள் தெருவில் மின்சாரம் தடைபட்டிருக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "தடைபட்டிருக்கிறதா, நீங்கள் தடை செய்திருக்கிறீர்களா?" என்று குறுக்கு விசாரணையும் நடத்துவார். இன்ஜினியருக்கு அது "லோடு". கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன்கள் மட்டும் அந்தப் பெயரையே வாயில் எடுப்பதில்லை. "இருக்கா, இல்லியா?" என்பார்கள். எது என்று அவர்களுக்குள் யாரும் விளக்கிக்கொண்டு இருப்பதில்லை.

ஆப்பரேட்டரம்மாவையே கேட்டால் அது ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே, ஜல்லி கொட்டிய முற்றத்தில், சின்ன வீடு அளவுக்கு நிற்கிற டிரான்ஸ்ஃபார்மர் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகல் அவள் காதுக்குள் குடிவந்து, காலி செய்யச் சொன்னாலும் போகாமல் உட்கார்ந்துவிட்டது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் கேட்கும், பஸ்ஸில் நிற்கும்போதும் கேட்கும். பேசாமல் இருக்கிற ஒரு நிமிடம் கிடைத்தால் அதையும் அந்த முனகல் வந்து தின்றுவிடும்.

அறை ஒன்றும் பெரிதில்லை. ஒரு பக்கச் சுவர் நெடுக ஆள் உயரச் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஊரின் ஒரு பக்கத்துக்குப் போகிற லைனுக்குச் சொந்தம்; அந்த லைனுக்குப் பீடர் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, மீட்டரில் ஒரு முள், இரண்டு விளக்கு. சிவப்பு எரிந்தால் லைன் ஓடுகிறது, பச்சை எரிந்தால் நிற்கிறது. வெளியே சாலையில் இருக்கிற வழக்கத்துக்கு நேர் தலைகீழ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் குழம்பும். பெட்டிகளுக்கு முன்னால் கறுப்பு ரப்பர் விரிப்பு. ஒரு கை உடைந்து, கம்பியால் இழுத்துக் கட்டிய நாற்காலி. புது நாற்காலி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். அது வருகிறபோது அவள் ரிடையர் ஆகியிருப்பாள். காலை ஷிப்டு என்றால் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவாள், மதிய ஷிப்டு என்றால் முடித்துவிட்டு ஓடி வருவாள். ஓட்டம் மட்டும் மாறாது.

அந்த நிலையத்துக்கு ஆப்பரேட்டராக வந்த முதல் பெண் அவள்தான். "இந்தம்மா கைப்பிடியத் திருப்புமா, இல்ல கைப்பிடி இந்தம்மாவத் திருப்புமா?" என்று அப்போது சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ரிடையர் ஆகிப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இப்போது "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். இதில் அவள் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. பெருமைப்படுவதற்குக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டுமே, அந்த நேரத்துக்கு எங்கே போவது?

வீட்டில் கரண்டுக்கு வேறொரு பெயர் இருந்தது. அது அவள் கணவர் வைத்தது. கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். சம்பளத்தோடு கல்லின் பொடியையும் வருடக்கணக்காக வாங்கி நெஞ்சுக்குள் சேர்த்து வைத்துவிட்டார். இப்போது கட்டிலை விட்டு வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் இருக்கிற மெஷினில். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் அது. அது ஓடக் கரண்டு வேண்டும். கரண்டு போனால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் கைவிட்டால் மூலையில் நிற்கிற சிலிண்டர். கரண்டு போகிறபோதெல்லாம் அவர், "உன் ஆபீஸ் போயிடுச்சு" என்பார். வந்தால், "உன் ஆபீஸ் வந்துடுச்சு." மகளுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது.

"உன் சம்பளத்துல சாப்பிடறேன், உன் ஆபீஸ்ல மூச்சு விடறேன்," என்பார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று. "வீட்டோட மாப்பிள்ளைகூட இவ்வளவு சொகுசா இருக்க மாட்டான்."

அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே குழாயில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். இப்படித்தான் அவர்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீடு இருந்தது மேட்டு பீடரில். அறையில் ஜன்னலை ஒட்டிய கடைசிப் பெட்டி.

இந்த இடத்தில் லைன் கிளியர் என்ற சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நடந்தது ஏதோ சின்ன விஷயம் என்று தோன்றிவிடும். கம்பத்தில் ஏறப்போகிற லைன்மேன் முதலில் ஆப்பரேட்டருக்குப் போன் செய்து லைன் கிளியர் கேட்பான். அவள் அந்தப் பீடரை நிறுத்தி, கைப்பிடியில் "ஆள் வேலை செய்கிறார்" என்ற சிவப்புப் பலகையை மாட்டி, "எடுத்துக்கப்பா" என்பாள். அந்த நொடியிலிருந்து லைன் அவனுடையது. ஊரே வேர்த்து வழிந்தாலும், யார் யார் போனில் குதித்தாலும், அவன் திருப்பிக் கொடுக்கிற வரை அதை யாரும் தொடக் கூடாது. அவன் இறங்கி, தன் வாயால், "லைன் கிளியர் திருப்பிக் குடுத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவள் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். எடுத்தவன்தான் கொடுக்க வேண்டும். கூட நின்றவன் சொன்னாலும் செல்லாது, கூடப் பிறந்தவன் சொன்னாலும் செல்லாது, மேலதிகாரி சொன்னாலும் செல்லாது. "எல்லாரும் எறங்கியாச்சு" என்று யாரோ நல்ல மனதோடு சொல்லி, இறங்காத ஒருத்தன் மேலேயே போய்ச் சேர்ந்த கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த விதி. மற்ற விதிகளை அவர்கள் வளைப்பார்கள், நெளிப்பார்கள். இதை மட்டும் தொட மாட்டார்கள்.

மேட்டு பீடரில் பெரும்பாலும் ஏறுகிறவனுக்கு ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு உயரம். அவன் நின்றுகொண்டே பல்பு மாட்டுவான் என்று மற்ற லைன்மேன்கள் சொல்வார்கள். அவன் முகத்தை அவள் எப்போதாவதுதான் பார்ப்பாள், குரலைத் தினமும் கேட்பாள். இருமல் இருக்கிறதா, வீட்டில் சண்டையா, சாப்பிட்டானா இல்லையா, எல்லாம் அந்தக் குரலிலேயே தெரியும். லைன் கிளியர் கேட்கிறபோதெல்லாம் முதலில், "மாமா எப்படிக்கா இருக்காரு?" என்றுதான் ஆரம்பிப்பான். அவள் அவனுக்கு அக்கா என்றால் அவள் கணவர் அவனுக்கு மாமாதானே. ஒருமுறை வீட்டு இன்வெர்ட்டர் மக்கர் செய்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சரி செய்துவிட்டு, மாமாவோடு அரை மணி நேரம் அரட்டை அடித்துவிட்டுப் போனவன்.

அன்று மத்தியானம் காற்று அடித்ததே காற்று! கூரைத் தகரங்கள் தெருவில் உருண்டன, கடைப் பலகைகள் பறந்தன. மேட்டுப் பக்கம் ஒரு பெரிய கிளை முறிந்து லைனில் விழுந்து கம்பியை அறுத்துவிட்டது. ஏணி போன் செய்தான். எப்போதும்போல மாமாவை விசாரித்தான், லைன் கிளியர் எடுத்துக்கொண்டான், ஏறிவிட்டான். அவள் பலகையை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு போன் நிற்கவே இல்லை. மாவு மில்காரரின் விருந்தாளி, மேனேஜரின் சப்ளை, தலைமையாசிரியரின் முழு வாக்கியம், எல்லாம் வரிசையாக வந்தது. "வேலை நடக்குதுங்க, வந்துடும்" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

நடுவில் மகளின் போன். "அம்மா, உன் ஆபீஸ் போயிடுச்சு."

"தெரியும்டா. நான்தான் நிறுத்தியிருக்கேன். இன்வெர்ட்டர்ல ஓடுதில்ல?"

"ஓடுது. ஆனா சிலிண்டர் இல்லம்மா. காலையில ரொப்பக் குடுத்தோம்ல, இன்னும் வரல."

காலையில் சிலிண்டர் கடைக்காரன் காலியை எடுத்துக்கொண்டு போனபோது, மத்தியானத்துக்குள் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னான். காற்று வரும் என்று யார் கண்டது? கடைக்குப் போன் செய்தாள். வண்டி கிளம்பிவிட்டது, வழியில் மரம் விழுந்து நிற்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொன்னாள். அதுவும் சுற்றுவழியில்தான் வர வேண்டும் என்றார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததெல்லாம் ஒரு கைப்பிடி மட்டும்தான். அதில் சிவப்புப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. மகள் மறுபடியும் கூப்பிட்டபோது பின்னால் அது கீச் கீச் என்று கத்துவது கேட்டது. "அப்பாவுக்கு உதடெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்மா," என்றாள். பெரிய பெண்தான், வேலைக்குப் போகிறவள்தான். குரல் மட்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் குரலாகிவிட்டது. "முதுகுக்குத் தலையணை வெச்சு நிமிர்த்தி உட்கார வை. பேச வேண்டாம்னு சொல்லு," என்று இவள் சொன்னாள்.

அப்போதுதான் ஃபோர்மேன் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சிடுச்சும்மா. லைனப் போடுங்க."

"ஏணி எங்க சார்?"

"எறங்கிட்டான். என் கண்ணால பாத்துட்டுத்தான் கெளம்பினேன். அவன் போன்ல சார்ஜ் இல்ல, அதான் நான் சொல்றேன்."

"உங்க போன்ல அவனப் பேசச் சொல்லுங்க சார்."

"நான் வண்டியில வந்துட்டு இருக்கேன்மா. அவன் அங்க சாமான எல்லாம் சுத்தி எடுத்துட்டு மெதுவா வருவான். அதுவரைக்கும் ஊரே காத்துக் கெடக்கணுமா?"

"அவன் சொல்லட்டும் சார். சொன்ன உடனே போட்டுடறேன்."

ஃபோர்மேன் கெட்ட மனிதர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை, அவர் பார்த்தது உண்மைதான். காலையிலிருந்து நாலு பக்கம் அலைந்து, எல்லோரிடமும் ஏச்சு வாங்கி, அவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. எரிச்சலில், "உங்க வீடும் அதே லைன்தானேம்மா? அப்புறம் என்ன?" என்று வைத்துவிட்டார்.

போன் கையை விட்டு இறங்குவதற்குள் மகள். அந்தப் பக்கம் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இழுக்கிறார், நிற்கிறது, மறுபடி இழுக்கிறார். பிறகு மகள், "அம்மா, நீ போட்டா வந்துடுமில்ல? நீதானேம்மா போடணும்?" என்றாள்.

"வெச்சிடுடா," என்றாள் ஆப்பரேட்டரம்மா.

எழுந்து ரப்பர் விரிப்பின் மேல் போய் நின்றாள். ஃபோர்மேன் பார்த்திருக்கிறாரே என்று நினைத்தாள். அவர் கண்ணால் பார்த்ததாகத்தானே சொன்னார், கேள்விப்பட்டதாகச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். நாலு காரணம் சேர்த்துக்கொண்டாள், ஐந்தாவது காரணத்தை மட்டும் நினைக்காமல் இருந்தாள். அவளை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பலகையைக் கழற்றியது அவள் கைதான். கைப்பிடியைத் திருப்பியதும் அவள் கைதான். தடக் என்ற சத்தத்தோடு பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது, முள் மெல்ல எழுந்து மேலே போய் நின்றது. எத்தனை வீட்டில் விசிறி சுற்றுகிறது என்பதை அந்த முள் சொல்லும். ஒரு ஆள் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லாது.

போன்கள் எல்லாம் வாய் மூடின. கரண்டு வந்துவிட்டது என்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. இத்தனை வருடத்தில் ஒருத்தர் கூடக் கூப்பிட்டதில்லை. மகள் மட்டும் கூப்பிட்டாள். "வந்துடுச்சும்மா. மெஷின் ஓடுது. அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா சரியாகுது." அவள் சரி என்றாள். கழற்றிய பலகை மேஜை மேல் கிடந்தது. ஏணியின் நம்பரைப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. ஃபோர்மேனின் நம்பரைப் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி ஏணியின் நம்பரைப் போட்டாள். முற்றத்தில் டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டே இருந்தது. கதவு திறக்காதா, திறந்தால் அவனாக இருக்காதா என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் பட்ட பாட்டை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஏணி வந்தான். தலை குனிந்துதான் நுழைய வேண்டும் அவனுக்கு. சட்டையெல்லாம் பாசியும் மரத்தூளும். "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா," என்றான்.

அவள் கொடுத்தாள். அவன் குடித்ததில் பாதி சட்டையில் சிந்தியது.

"அடுத்த கம்பத்துல இன்னொரு கெள சாஞ்சு கெடந்துச்சுக்கா," என்றான். "நாளைக்கு அதுவும் விழும், மறுபடி உங்கள தொந்தரவு பண்ணணும். லைன் என்கிட்டதானே இருக்குன்னு ஏறினேன். முக்கால் கம்பம் ஏறிட்டேன். கீழ ஒரு வீட்ல டிவி பேச ஆரம்பிச்சுது. சோப்பு விளம்பரம். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் புரிஞ்சுது. எறங்கிட்டேன்."

"ஃபோர்மேன் சொன்னாரு…" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. "மாமாவுக்கு மூச்சு நின்னுடும்போல இருந்துச்சுப்பா. சிலிண்டர் இல்ல."

"புரியுதுக்கா. போன் செத்துப்போச்சு, இல்லன்னா இன்னொரு கம்பம் ஏறப்போறேன்னு நானே சொல்லியிருப்பேன். மாமா இப்ப எப்படி இருக்காரு?"

"பரவால்ல."

அவன் தலையாட்டினான். மேஜை மேல் கிடந்த பலகையைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான். சிவப்பு விளக்கையும் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, நேராக நின்று, போனில் சொல்கிற அதே குரலில், "மேட்டு பீடர் லைன் கிளியர் திருப்பிக் குடுத்துட்டேன்க்கா," என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் வீட்டுக்குப் போக அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அவள் பதிலுக்கு "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். அந்த ஒரு சொல் வெளியே வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவன் தன் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

மறுநாள் அவளே இன்ஜினியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் முந்தின நாள் காற்றில் தூங்காதவர். "யாருக்கும் ஒண்ணும் ஆகலியேம்மா," என்றார். "நான் எழுதினா உங்களுக்கும் வில்லங்கம், ஃபோர்மேனுக்கும் வில்லங்கம். ஏணியே வாயத் தெறக்கல. இனிமே ஜாக்கிரதையா இருங்க, போங்க." ஃபோர்மேனோ, "அதான் நல்லபடியா முடிஞ்சுதே, விடுங்க," என்று கையை வீசினார். நாலு வார்த்தை திட்டு வாங்கியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

கணவரிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவர், "கரெக்டான நேரத்துக்கு உன் ஆபீஸ் வந்துச்சு பாரு," என்று அதையே பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரரிடம் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். கேட்கிறபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சை அறுத்தது. ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மெஷின் கட்டிலுக்கடியில் புஸ் புஸ் என்றது.

"எனக்காகவா போட்டே?" என்றார்.

"ஃபோர்மேன் சொன்னாரு. அதான்."

"பொய் சொல்லாத," என்றார் அவர். பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நல்ல பையன் அவன்," என்றார். மறுபடி கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "இன்னொரு சிலிண்டர் வாங்கி வை. உன் வேலைக்கு நடுவுல நான் வரக் கூடாது," என்றார். அதன் பிறகு அவர் "உன் ஆபீஸ்" என்று சொல்வதை விட்டுவிட்டார். கரண்டு போனால் மற்றவர்களைப்போல "கரண்டு போயிடுச்சு" என்றே சொன்னார். அந்த வீட்டில் இருந்த ஒரே வேடிக்கையும் அதோடு போயிற்று.

ஏணி மாறவில்லை. பழையபடியே போன் செய்தான், பழையபடியே மாமாவை விசாரித்தான், லைன் எடுத்தான், ஏறினான், இறங்கினான், திருப்பிக் கொடுத்தான். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று அவள்தான் ஒவ்வொரு முறையும் கேட்டாள். "ஃபுல்லா இருக்குக்கா," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு, அன்று நடந்தது மெல்ல அமுங்கிவிடும் என்றுகூட அவள் நம்பத் தொடங்கினாள். மனிதர்கள் எதையும் மறப்பார்கள், அதுவும் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது.

அடுத்த காற்றுக் காலம் வந்தது. மறுபடியும் மேட்டுப் பக்கம் கம்பி அறுந்தது, மறுபடியும் ஏணி லைன் எடுத்துக்கொண்டு ஏறினான், மறுபடியும் பலகை தொங்கியது. போன்கள் வரிசைகட்டின. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, "வேலை நடக்குதுங்க, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவதோ நாலாவதோ ஒரு பெண் குரல். கரண்டு என்ற சொல் வரவில்லை.

"ஆப்பரேட்டர் ரூமுங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"அண்ணிங்களா? நான் அவரோட வீட்டுக்காரி பேசறேன். ஏணின்னு கூப்பிடுவீங்கல்ல, அவரு."

இத்தனை வருடத்தில் அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அண்ணி என்ற முறை எங்கிருந்து வருகிறது என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. அவனுக்கு அக்கா என்றால் அவன் மனைவிக்கு அண்ணிதானே. "சொல்லும்மா," என்றாள்.

"அவரு ஏறியிருக்காருங்களா?"

"ஏறியிருக்கான்மா. கொஞ்ச நேரத்துல எறங்கிடுவான்."

"மேட்டுப் பக்கங்களா?"

"ஆமா."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. "சும்மா இரு," என்று அதட்டிவிட்டு அவள் மறுபடி போனுக்கு வந்தாள்.

"இன்னிக்கு நீங்கதான் டூட்டியா அண்ணி?"

"நான்தான்மா."

எதற்காகக் கேட்கிறாள் என்று ஆப்பரேட்டரம்மாவுக்குப் புரிந்தது. அவன் சொல்லியிருக்கிறான். எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டில் மட்டும் சொல்லியிருக்கிறான். அவன் மனைவி அதை மனதில் வைத்துக்கொண்டு, காற்று அடிக்கிற ஒவ்வொரு மத்தியானமும் உட்கார்ந்திருக்கிறாள். திட்டப்போகிறாள், திட்டட்டும், இத்தனை நாள் யாரிடமும் கிடைக்காதது இவளிடமாவது கிடைக்கட்டும் என்று ஆப்பரேட்டரம்மா போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அவள் திட்டவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. வீட்ல அண்ணனுக்குச் சிலிண்டர் ரொப்பி வெச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா," என்றாள் ஆப்பரேட்டரம்மா. "ரெண்டு இருக்கு. ரெண்டும் முழுசா இருக்கு. காலையில நானே தெறந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப சரிங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.